சாய்வும் வெட்டுத்துண்டும்: ஒரு மாணவி கேட்ட கேள்வி

நேர்க்கோட்டின் சமன்பாட்டைக் கொடுத்து வரைபடம் வரையச் சொன்னால், பெரும்பாலான மாணவர்கள் உடனே அட்டவணை போடுகிறார்கள். என்னிடம் கணிதம் படிக்க வந்த மாணவி ஒருத்தியும் 3எக்ஸ் + 2ஒய் = 6 என்ற சமன்பாட்டுக்கு அப்படித்தான் தொடங்கினாள். எக்ஸுக்கு −1, 1 என்று கொடுத்ததும் ஒய்யின் மதிப்பு 4.5, 1.5 என வந்தது. அந்தத் தசமங்களைத் தாளில் குறிப்பதற்குள் அவளுக்கு ஆர்வமே குறைந்துவிட்டது.

அட்டவணையை ஒதுக்கிவிட்டு, ஒய்யை மட்டும் இடப்பக்கத்தில் நிறுத்தச் சொன்னேன். ஒய் = −(3/2)எக்ஸ் + 3 என்று வந்தது. எக்ஸ் சுழியாகும்போது எஞ்சுவது 3 மட்டுமே என்பதால், கோடு ஒய் அச்சை (0, 3) என்ற புள்ளியில் வெட்டும், அந்த 3-தான் வெட்டுத்துண்டு என்று அவளே கண்டுகொண்டாள்.

சாய்வுக்கு, அதாவது எக்ஸுக்கு முன்னால் உள்ள −3/2 என்ற எண்ணுக்கு வந்தபோதுதான் தயங்கினாள். அதன் தொகுதி மேலே அல்லது கீழே நகர வேண்டிய அளவையும், பகுதி பக்கவாட்டில் நகர வேண்டிய அளவையும் காட்டும். கழித்தல் குறி தொகுதியில் உள்ள 3-ஐச் சேர்ந்ததா, பகுதியில் உள்ள 2-ஐச் சேர்ந்ததா என்று கேட்டாள். விதியை மனப்பாடம் செய்தவர்களுக்குத் தோன்றாத, மிக நல்ல கேள்வி இது. விடை சொல்லாமல், இரண்டு விதமாகவும் வரைந்து பார்க்கச் சொன்னேன். குறியை 3-க்குக் கொடுத்து, (0, 3) இலிருந்து வலப்பக்கம் 2 அலகு நகர்ந்து 3 அலகு கீழே இறங்கியபோது (2, 0) கிடைத்தது. 2-க்குக் கொடுத்து, இடப்பக்கம் 2 அலகு நகர்ந்து 3 அலகு மேலே ஏறியபோது (−2, 6) கிடைத்தது. அளவுகோலை வைத்தபோது மூன்று புள்ளிகளும் ஒரே கோட்டில் இருந்தன. குறியை இரண்டுக்கும் சேர்த்துக் கொடுத்தால் என்ன ஆகும் என்றும் அவள் முயன்று பார்த்தாள். (−2, 0) கோட்டை விட்டு விலகி நின்றது. சாய்வு என்பது இரண்டு மாற்றங்களுக்கு இடையிலான விகிதம், அது கோடு முழுவதும் மாறாதது என்பதை எத்தனை முறை விளக்கியிருந்தாலும் இவ்வளவு தெளிவாகப் புரியவைத்திருக்க முடியாது என்றே நினைக்கிறேன்.

முழு எண் சாய்வுக்கு அடியில் 1 இருப்பதாகக் கொள்ள வேண்டும் என்பதைச் சொன்னதும் பிடித்துக்கொண்டாள். அளவுத்திட்டத்தைப் பற்றி மட்டும் சற்று விரிவாகப் பேச வேண்டியிருந்தது. இரண்டு அச்சுகளுக்கும் வெவ்வேறு அளவு எடுத்தால் கோடு எவ்வளவு சரிவாகத் தெரிகிறது என்பது மாறிவிடும். ஆகவே அலகுகளை எண்ண வேண்டுமே தவிர, கட்டங்களை எண்ணக் கூடாது.

பிறகு எக்ஸ் = 4 என்ற சமன்பாட்டைக் கொடுத்தேன். அதில் ஒய்யே இல்லை என்றாள். அந்தக் கோடு ஒய் அச்சுக்கு இணையாகச் செல்வதால் அதனை வெட்டுவதில்லை, கிடைமட்ட மாற்றம் சுழியாவதால் சாய்வையும் வரையறுக்க இயலாது என்று பேசி முடித்தபின், (4, 0) வழியாக நேர்மேலே ஒரு கோடு வரைந்தாள்.