புதுப்பிப்பு: 10 பாடமும் முடிஞ்சது!
வேலையை விடாமல் அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் பல்கலைக்கழகத்தின் ஆன்லைன் கம்ப்யூட்டர் சயின்ஸ் மாஸ்டர்ஸில் சேரலாமா என்று நாலு வருடம் முன்னால் கேட்டிருந்தேன். சேர்ந்தேன், போன வாரம் முடித்தும்விட்டேன். 10 பாடம், 30 கிரெடிட்.

"செமஸ்டருக்கு ஒன்றுக்கு மேல் வேண்டாம்" என்றவர்களுக்குப் பெரிய நன்றி. ஒரே ஒரு தடவை இரண்டு எடுத்தேன், ஆறாவது வாரமே ஒன்றை விட வேண்டியதாயிற்று.

சேரப் போகிறவர்கள் கவனிக்க: முதல் 12 மாதத்துக்குள் இரண்டு அடிப்படைப் பாடங்களில் பி கிரேடாவது வாங்கியாக வேண்டும்.

அல்காரிதம் பாடத்தைக் கடைசியாக வைத்தேன். விடிகாலை நாலரைக்கு, மகள் எழுவதற்குள், டைனமிக் புரோகிராமிங் (பெரிய கணக்கைச் சின்னச் சின்னதாகப் பிரித்து, அவற்றின் விடைகளைச் சேமித்து வைத்துத் தீர்க்கும் முறை) கணக்குகளைப் பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் போட்டுப் பார்ப்பேன். கோட் எழுதுவது சுலபம்; பெரிய கணக்கின் விடையைச் சின்னக் கணக்குகளின் விடைகளிலிருந்து சொல்லும் அந்த ஒற்றை வரிச் சூத்திரம், ரிகரன்ஸ், பிடிபடத்தான் நாள்கணக்கில் ஆகும். அந்தத் தாள்களைத் தூக்கிப்போட இன்னும் மனசு வரவில்லை.