மறுமொழி: ‘யூசர் ரிஸ்க்’ என்பதற்கு ‘பயனர் இடர்’ சரிதானா?

நண்பர்களுக்கு வணக்கம். கணினிப் பாதுகாப்புச் சொற்களைத் தமிழாக்குவது பற்றி இங்கே வந்த கருத்துகளுக்கு என் பதில் இது.

> ‘பயனர் இடர்’ என்றே வைத்துக்கொள்ளலாமே. எளிது, சொல்லுக்குச் சொல் பொருந்துகிறது.

எளிதுதான். ஆனால் இதைப் படிக்கும் மேலாளர் பயனரால் வரும் இடர் என்றுதான் எடுத்துக்கொள்வார். ஓயாமல் பயணம் செய்யும் ஊழியர் என்றால் கேட்கவே வேண்டாம், அவரே ஆபத்தானவர் ஆகிவிடுவார். கணினிப் பாதுகாப்பில் இந்தச் சொல்லின் பொருள் அதுவல்ல. பயனர் கணக்குகளையும் நுழைவுகளையும் நிர்வகிக்கும் மைக்ரோசாஃப்ட் என்ட்ராவின் ஆவணங்களில் வேறுபாடு தெளிவாக இருக்கிறது. ஒருவருடைய கணக்கு பிறர் கைக்குப் போயிருக்கும் வாய்ப்பு ‘யூசர் ரிஸ்க்’. இப்போது உள்ளே நுழைய முயல்பவர் கணக்குக்கு உரியவர் அல்லர் என்பதற்கான வாய்ப்பு ‘சைன்-இன் ரிஸ்க்’.

எல்லோரும் ஒரே கட்டடத்தில் வேலை பார்த்தவரை இந்த வேறுபாடு அவ்வளவாக உறுத்தவில்லை. களப் பொறியாளரையோ தணிக்கையாளரையோ எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் விமான நிலைய வைஃபை, பகலில் வாடிக்கையாளரின் அலுவலகம், இரவில் தங்கும் விடுதி. நடுவில், இணையத் தொடர்பை வேறோர் இடம் வழியாகத் திருப்பிவிடும் விபிஎன்-ஐப் போட்டால், அதன் சர்வர் இருக்கும் நாட்டிலிருந்து நுழைந்ததாகப் பதிவாகும். ஒரு மணி நேர இடைவெளியில் இரண்டு நாடுகள்! ‘இம்பாசிபிள் டிராவல்’ எச்சரிக்கை வரலாம். (இதற்கு ‘இயலாப் பயணம்’ போதும்.) இங்கே ஐயம் அந்த ஒரு நுழைவின் மேல்தான். அடையாளத்தை இன்னொரு முறை உறுதிசெய்யச் சொன்னால் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

அதே ஊழியரின் கடவுச்சொல், திருடப்பட்ட கடவுச்சொற்களின் தொகுப்பு ஒன்றில் அகப்படுகிறது என்று வையுங்கள். அவர் நாற்காலியை விட்டு நகராவிட்டாலும் கணக்குக்கே ஆபத்து. கடவுச்சொல்லை மாற்ற வேண்டும், திறந்திருக்கும் அமர்வுகளை எல்லாம் மூட வேண்டும். மருந்து வேறு என்பதால் பெயரும் வேறாக இருந்தே ஆக வேண்டும்.

என் பரிந்துரை: ‘யூசர் ரிஸ்க்’ – கணக்குப் பறிப்பு இடர், ‘சைன்-இன் ரிஸ்க்’ – நுழைவு இடர்.

‘கணக்கிடர்’ என்று சுருக்கலாமா என்று யோசித்தேன். ‘கணக்கிடு’ என்ற வினை குறுக்கே வந்து நிற்கிறது. ‘நுழைவிடர்’ என்று புணர்த்தினாலும் ‘விடர்’ தனியாகத் துருத்துகிறது. பிரித்தே எழுதுவோம். ‘பறிப்பு’ நகைப் பறிப்பு, நிலப் பறிப்பு என்று செய்தித்தாளில் அன்றாடம் புழங்கும் சொல். பறித்தவன் ஒருவன் இருக்கிறான் என்பதை அது சொல்லிவிடுகிறது, பழி ஊழியர் மேல் விழுவதில்லை.

> ‘எம்எஃப்ஏ ஃபடீக்’ – ‘பல்காரணிச் சோர்வு’?

எம்எஃப்ஏ என்பது கடவுச்சொல்லோடு கைப்பேசி ஒப்புதல் போன்ற இன்னொரு சான்றையும் கேட்கும் முறை. அதன் ‘ஃபடீக்’கைச் சோர்வு என்பதை ஏற்க மனம் வரவில்லை. சோர்வு விளைவு மட்டுமே. நடப்பது என்ன? கடவுச்சொல்லைக் கைப்பற்றியவன் திரும்பத் திரும்ப நுழைய முயல்கிறான். உரியவரின் கைப்பேசியில் ‘அனுமதிக்கவா?’ என்று கேட்டுக்கொண்டே இருக்கிறது. எரிச்சலிலோ தூக்கக் கலக்கத்திலோ அவர் ஒருமுறை அனுமதித்துவிடுகிறார். 2022 செப்டம்பரில் ஊபர் நிறுவனத்துக்குள் ஊடுருவியது இப்படித்தான். ஒப்பந்தப் பணியாளர் ஒருவருக்குக் கோரிக்கைகள் தொடர்ந்து வந்தன, கடைசியில் ஒன்றை ஏற்றுவிட்டார்.

ஆகவே ‘ஒப்புதல் நச்சரிப்பு’ என்கிறேன். தாக்குபவன் செய்வதையே அது பெயராகச் சொல்கிறது. ‘ஒப்புதல் நச்சரிப்பு வந்தால் மறுத்துவிட்டு உடனே பாதுகாப்புக் குழுவிடம் தெரிவியுங்கள்’ என்று ஊழியர் கையேட்டில் எழுதிப் பாருங்கள், யாருக்கும் விளக்கம் தேவைப்படாது. ‘பல்காரணிச் சோர்வு வந்தால்’ என்று எழுதினால் மருத்துவரைத்தான் தேடுவார்கள்.

இதோடு ‘நம்பர் மேட்சிங்’ என்பதையும் சேர்த்துவிடலாம்: ‘எண் பொருத்தம்’. நுழைவுத் திரையில் தெரியும் எண்ணைக் கைப்பேசியில் தட்டினால்தான் ஒப்புதல் செல்லும். மைக்ரோசாஃப்ட் தன் அங்கீகாரச் செயலியின் ஒப்புதல் அறிவிப்புகளுக்கு 2023 மே முதல் இதைக் கட்டாயமாக்கியது. எதிரில் திரையே இல்லாதவர், பார்க்காத எண்ணை எப்படித் தட்டுவார்? வெறும் நச்சரிப்பு அதோடு பலிப்பதில்லை. ஆனால் தாக்குபவன் அந்த எண்ணைத் தொலைபேசியில் சொல்லி ஏமாற்ற வழி இருக்கிறது, அதையும் விளக்கக் குறிப்பில் சேர்க்க வேண்டும்.

> ‘மொபைல் வொர்க்ஃபோர்ஸ்’ – ‘நடமாடும் பணியாளர்கள்’

எனக்கு உடன்பாடே. நடமாடும் நூலகம், நடமாடும் மருத்துவமனை எல்லாம் ஏற்கெனவே வழக்கில் உண்டு. ‘பெயர்வுப் பணியாளர்’ வேண்டாம், புலம்பெயர் தொழிலாளர் என்று குழம்பும். 

‘கணக்கு’ என்றாலே வங்கிக் கணக்குதான் நினைவுக்கு வரும் என்று ஒருவர் முன்பு எழுதியிருந்தார். வங்கிச் செயலிகளைத் தமிழாக்குவோர் இங்கே சிலர் இருக்கிறீர்கள். ஒரே திரையில் இரண்டு கணக்கும் வரும் இடங்களில் ‘பயனர் கணக்குப் பறிப்பு’ என்று நீட்டினால் இடம் போதுமா? பார்த்துச் சொல்லுங்கள்.

அன்புடன்.