பூட்டனார் அப்போதிக்கரி வேலை பழகியது எங்கே?

கேள்வி (வெள்ளவத்தை)
வணக்கம். என் பூட்டனார், அம்மம்மாவின் தகப்பன், அப்போதிக்கரியாக, அதாவது மருந்து கலந்து கொடுத்து வைத்தியமும் பார்ப்பவராக இருந்தவர். ‘மானிப்பாயில் கிறீன் வைத்தியரிட்டப் பழகினவர்’ என்று அம்மம்மா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தா. அதற்குச் சான்று தேடி மூன்று மாதமாக அலைகிறேன். கையில் இருப்பது 1896 இல் கொழும்பில் நடந்த அவருடைய கலியாணப் பதிவின் பிரதியும் (வயது 24, தொழில் அப்போதிக்கரி), அவர் கைப்பட எழுதிய கொப்பி ஒன்றும்தான். கொப்பியின் ஒரு மூலையைக் கறையான் தின்றுவிட்டது. மருந்துப் பெயர்களுக்குப் பக்கத்தில் 3 போட்டு, அதை ஒட்டி இரண்டு சின்னக் கோடு, மேலே புள்ளி. சில இடத்தில் 3க்குத் தலையில் இன்னொரு வளைவு. மாமா இது கடன் கணக்கு என்கிறார், எனக்கு மனம் ஒப்பவில்லை. யாராவது வாசித்துச் சொல்வீர்களா? அவர் பழகிய இடத்தை எங்கே தேடலாம்?

பதில் 1
தங்கச்சி, கடன் கணக்கில்லை, மருந்து நிறை. நான் ஆஸ்பத்திரி மருந்துக்கூடத்தில் வேலைசெய்து ஓய்வுபெற்றவன். சேர்ந்த புதிதில் மூத்தவர்கள் இப்படி எழுதக் கண்டிருக்கிறேன். 3 போல இருப்பது டிராம், வளைவு கூடினால் அவுன்ஸ். இரண்டு கோடு என்றால் இரண்டு டிராம். 20 கிரேன் ஒரு ஸ்குரூப்பிள், 3 ஸ்குரூப்பிள் ஒரு டிராம், 8 டிராம் ஒரு அவுன்ஸ். கடைசிக் கோடு வால் மாதிரிக் கீழே இறங்குகிறதா பாருங்கோ. பிறகு வேறொருவர் இன்னொரு கோடு கூட்டி அளவை மாற்றக்கூடாது என்றுதான் அப்படி இழுப்பது. வால் இருந்தால் அது முறையாகப் பழகின கை.

பதில் 2
அக்கா, காலம் இடிக்கிறது. 1896 இல் 24 என்றால் பிறந்தது 1872 அளவில். அமெரிக்க மிஷன் வைத்தியரான கிறீன் 1847 இல் வந்து 1873 இல் இலங்கையை விட்டுப் போய்விட்டார். அப்போது பூட்டனாருக்கு ஒரு வயது. ஆனாலும் அம்மம்மாவின் கதையை விட்டுவிடாதீர்கள், ஒரு தலைமுறை பின்னே தள்ளிப் பாருங்கள். கிறீனிடம் தமிழிலேயே வைத்தியம் படித்தவர்கள் பலர். ‘இரண வைத்தியம்’ நூலை அவர் 1867 இல் அச்சிட்டதே அப்படிப்பட்ட மாணவருக்காகத்தான். பூட்டனாரின் தகப்பன் என்ன தொழில்? பதிவிலேயே இருக்கும்.

பூட்டனாரின் வயதுக்குக் கொழும்புதான் பொருந்தும். 1870 இல் இங்கே மருத்துவப் பாடசாலை திறந்து, 1880 இல் அது இலங்கை மருத்துவக் கல்லூரி ஆனது. அரச சேவையில் இருந்தவர் என்றால் கொழும்பு 7 இல் தேசிய சுவடிகள் திணைக்களத்துக்குப் போய், ஆங்கிலேயர் கால அரசு வெளியிட்ட நீலப் புத்தகங்களைக் கேளுங்கள். ஆண்டுதோறும் வந்தவை, உத்தியோகத்தர் பெயரோடு நியமனமும் சம்பளமும் இருக்கும். ஒன்றில் மட்டும் கவனம்: கோட்டையில் ‘கொழும்பு அப்போதிக்கரீஸ்’ என்று பெரிய கடையும் இருந்தது. பழைய தாளில் அந்தச் சொல்லைக் கண்டதும் ஆஸ்பத்திரி என்று எடுத்துவிடாதீர்கள்.

கேட்டவர்
பதிவைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். தகப்பனின் தொழில்: வைத்தியர். இவ்வளவு நாளும் அந்தக் கட்டத்தைத் தாண்டியே என் கண் போயிருக்கிறது! மகன் கதையும் தகப்பன் கதையும் அம்மம்மாவின் வாயில் ஒன்றாகிவிட்டன போல.

ஐயா, ஒவ்வொரு கடைசிக் கோட்டுக்கும் வால் இருக்கிறது. எழுத்து அவசரத்தில் சரிந்து போன பக்கத்தில்கூட வால் மட்டும் நேராக இறங்குகிறது. படம் எடுத்து மாமாவுக்கு அனுப்பிவிட்டேன்.

வியாழக்கிழமை சுவடிகள் திணைக்களத்துக்குப் போகிறேன். 1890 ஆம் ஆண்டு நீலப் புத்தகத்திலிருந்து தொடங்குகிறேன்.