12–14 வயது நீச்சல் பிள்ளைகளுக்கு வெயிட் பயிற்சி: எதில் தொடங்குவது, எதைத் தவிர்ப்பது?

கேள்வி:
வணக்கம். 12 முதல் 14 வயதுப் போட்டி நீச்சல் குழு, வாரம் ஆறு நாள் தண்ணீரில் பயிற்சி. இதோடு இரண்டு நாள் வெயிட் பயிற்சி சேர்க்கப் போகிறோம். பெற்றோர்களோ "உயரம் நின்றுவிடும்" என்று பயப்படுகிறார்கள். குழுவில் இரண்டு பேருக்கு பேடில் (உள்ளங்கையில் மாட்டும் பிளாஸ்டிக் தகடு) போட்டு நீந்திய மறுநாள் தோளின் முன்பக்கம் வலிக்கிறது. எந்தப் பயிற்சி, எத்தனை செட்? வலி இருப்பவர்களைச் சேர்க்கலாமா?

பதில் 1 (பிசியோதெரபி):
உயரம் நின்றுவிடும் என்பதற்கு ஆதாரம் இல்லை. பயிற்சியாளர் பக்கத்தில் நின்று முறையாகச் செய்யவைத்தால் வளர்ச்சித் தட்டுக்கு (எலும்பு நீளமாக வளரும், முனைக்கு அருகில் உள்ள குருத்தெலும்புப் பகுதி) ஆபத்து மிகக் குறைவு. வெயிட் அறையில் சின்னப் பிள்ளைகளுக்கு அடிபடுவது பெரும்பாலும் காலில் டம்பெல் விழுந்தோ விரல் நசுங்கியோதான். கண்காணிப்பு இருந்தால் இதைத் தடுக்கலாம்.

இவர்களுடைய தோள் கெடுவது தண்ணீரில். ஃப்ரீஸ்டைலிலும் பட்டர்ஃப்ளையிலும் தண்ணீரை இழுக்கும் மார்புத் தசையும் அகன்ற முதுகுத் தசையும் கையை உள்பக்கம் சுழற்றுபவை. அவை வலுத்துக்கொண்டே போகும். வெளிப்பக்கம் சுழற்றும் சின்னத் தசைகளும், தோள்பட்டை எலும்பை விலாவோடு பிடித்துவைக்கும் தசைகளும் பின்தங்கிவிடும். களைப்பு வந்ததும் மூட்டின் பந்து குழியின் நடுவில் நிற்காது, அதன் மேலே ஓடும் தசைநாண் உரசி வலிக்கத் தொடங்கும். பேடில் போட்டால் கை தள்ளும் தண்ணீரின் அளவு கூடுவதால் அந்தச் சுமை இன்னும் ஏறும். அதனால் தயவுசெய்து பெஞ்ச் பிரஸ்ஸில் (மல்லாந்து படுத்து எடையை மார்புக்கு மேலே தள்ளுவது) தொடங்காதீர்கள். ஏற்கெனவே வலுவாக இருக்கும் பக்கத்தையே அது மேலும் வலுவாக்கும்.

பதில் 2 (வலிமைப் பயிற்சி):
அடுத்தடுத்த நாட்களாக வேண்டாம், நடுவில் ஒரு நாளாவது விடுங்கள். முதல் நான்கு வாரம் உடல் எடையும் ரெசிஸ்டன்ஸ் பேண்டும் போதும்: ஸ்குவாட், பேண்ட் ரோ (பேண்டை உடம்பை நோக்கி இழுப்பது), பிளாங்க், புஷ்-அப், வெளிச்சுழற்சி (பேண்டைப் பிடித்து முன்கையை வெளிப்பக்கம் திருப்புவது). ஒவ்வொன்றும் 1 அல்லது 2 செட், 10 முதல் 15 ரெப் (ஒரு செட்டில் திரும்பச் செய்யும் எண்ணிக்கை). இன்னும் இரண்டு மூன்று ரெப் முடியும் என்ற நிலையிலேயே நிறுத்த வேண்டும். 15 ரெப்பும் வடிவம் கெடாமல் வந்தால் மட்டும் எடையை 5 முதல் 10 சதவீதம் கூட்டுங்கள்.

வெளிச்சுழற்சியைத்தான் பலர் கெடுத்துக்கொள்கிறார்கள். முழங்கையை 90 டிகிரி மடக்கி, விலாவுக்கும் முழங்கைக்கும் நடுவில் சுருட்டிய துண்டு ஒன்றை வையுங்கள். துண்டு விழுந்தால் கை விலகுகிறது. இடுப்பைத் திருப்பி இழுத்தால் பேண்ட் அளவுக்கு மீறி இறுக்கமாக இருக்கிறது. வெளியே ஒரு நொடி, திரும்ப வர மூன்று நொடி.

புஷ்-அப்பில் மேலே வந்த பிறகு தரையை இன்னும் கொஞ்சம் தள்ளச் சொல்லுங்கள். கீழே இறங்கும்போது முதுகைக் கவனியுங்கள். தோள்பட்டை எலும்பின் உள்விளிம்பு தூக்கிக்கொண்டு நின்றால் அந்தப் பிள்ளைக்குத் தரை வேண்டாம், சுவரில் கைவைத்துச் செய்யட்டும்.

டிப்ஸ் (இரு கம்பிகளில் கையூன்றி உடம்பை இறக்கி ஏற்றுவது), கழுத்துக்குப் பின்னால் இறக்கும் பிரஸ், அப்ரைட் ரோ (நின்றபடி எடையைத் தாடை வரை தூக்குவது) மூன்றும் இந்த வயதில் இந்த விளையாட்டுக்குத் தேவையே இல்லை. கைப் பயிற்சி முடித்த கையோடு பேடில் செட்டும் கொடுக்காதீர்கள்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. வலி உள்ள இருவரையும் கிக்போர்டோடு கிக் மட்டும் அடிக்கச் சொல்லலாமா? நீந்துவதற்கு முன் ஒருவர் கையை இன்னொருவர் பின்னால் இழுத்து ஸ்ட்ரெட்ச் செய்கிறார்கள். அது சரியா?

பதில் 1:
கிக்போர்டு வேண்டாம் சார். கையை முன்னால் நீட்டி அழுத்திக்கொண்டே போவது அதே இடத்தைத்தான் நெருக்கும். கைகளை உடம்போடு வைத்து மல்லாந்து கிக் அடிக்கட்டும். பேடிலும் பட்டர்ஃப்ளையும் முழுக்க நிறுத்துங்கள், மற்ற நீச்சலைப் பாதியாக்குங்கள். வலியால் ஸ்ட்ரோக்கின் வடிவம் மாறினால் அன்றைக்கு நீச்சல் முடிந்தது. கால், இடுப்புப் பயிற்சிகளைத் தொடரலாம்.

ஜோடியாக இழுக்கும் ஸ்ட்ரெட்ச்சை இன்றே நிறுத்துங்கள். இவர்களில் பலருக்குத் தோள் ஏற்கெனவே தளர்வாகத்தான் இருக்கும், இழுப்பது மூட்டின் முன்பக்க உறையை இன்னும் தளர்த்தும்.

இரவில் வலித்தாலோ, கை மரத்தாலோ, வலுக் குறைந்தாலோ, இரண்டு வாரத்தில் குறையாவிட்டாலோ விளையாட்டு மருத்துவரிடம் அனுப்புங்கள். மேல்கை எலும்பின் உச்சியில் உள்ள வளர்ச்சித் தட்டு இந்த வயதில் மூடியிருக்காது, அதையும் அவர் பார்க்க வேண்டியிருக்கும்.

பதில் 2:
மாதம் ஒருமுறை உயரம் அளந்து குறித்துவையுங்கள். பெண் பிள்ளைகள் 12 வயதையொட்டியும் பையன்கள் 14 வயதையொட்டியும் மளமளவென்று வளர்வார்கள். அந்த மாதங்களில் எடை கூட்டாதீர்கள், வடிவத்தை மட்டும் பாருங்கள். பட்டர்ஃப்ளை நீந்துபவர் பின்னால் வளையும்போது கீழ்முதுகு வலிக்கிறது என்றால் முதுகெலும்பில் அழுத்த முறிவு (திரும்பத் திரும்ப வரும் சுமையால் விழும் விரிசல்) இருக்கலாம். தசைப்பிடிப்பு என்று விட்டுவிடாதீர்கள்.