காய்ந்த காட்டில் தளிர்: பருவமழைக் காடுகளில் பார்த்தவை

பருவமழைக் காடு என்றதும் எல்லோரும் மழைக்காலப் படத்தையே போடுகிறார்கள். நான் கோடையைச் சொல்கிறேன். மாதக்கணக்கில் மழை இல்லை. தேக்கெல்லாம் மொட்டை, ஓடையில் வெறும் மணல். நடுவே பூவம் என்னும் மரம் ஒன்று மட்டும் உச்சியிலிருந்து கீழ்க்கிளை வரை செக்கச்செவேலென்று துளிர்த்திருந்தது. தூரத்திலிருந்து பார்த்தால் பூ என்றே நினைப்பீர்கள். சற்றுத் தள்ளிப் புங்க மரத்திலும் இளம்பச்சை. இவற்றுக்குத் தண்ணீர் ஏது?

இலையை உதிர்த்ததும் நீர் ஆவியாவது பெருமளவு நின்றுவிடுகிறது. வேர்கள் ஆழத்தில் மிச்சமிருக்கும் ஈரத்தை இழுக்க, தண்டு மெல்ல நிரம்புகிறது. தளிர் அந்தச் சேமிப்பில் வருவது. சரி, மழை வரும்வரை பொறுத்தால்தான் என்ன? மழையோடு இலை தின்னும் பூச்சிகளும் பெருகும். அவற்றுக்கு இளந்தளிர்தான் வேண்டும். அதற்குள் இலை முற்றிவிட்டால் மரம் தப்பித்தது. முதுமலையில் இதை ஆராய்ந்து 1993இல் வெளியிட்டிருக்கிறார்கள்: மழைக்கு முன்பே துளிர்த்த மரங்களில் இலைச்சேதம் குறைவு.

*

அதே பருவத்தில் நான் பார்த்தது தீ. முழங்கால் உயரம்கூட இல்லை, சருகைத் தின்றபடி சரசரவென்று போய்க்கொண்டிருந்தது. தீ அணைந்த பிறகு அந்தப் பக்கம் போனால் கருமருது மரங்களின் அடி கரியாகியிருந்தது, அவ்வளவுதான். முதலைத்தோல் மாதிரி வெடித்த தடித்த பட்டை உள்ளே சூடு ஏறவிடாது. ஆனால் உன்னிச்செடி மண்டிய இடத்தில் கதையே வேறு. புதரைப் பிடித்துத் தீ கிளைக்கு ஏறிவிட்டது. கன்றுகள் எதுவும் மிஞ்சவில்லை. இந்தத் தீ பெரும்பாலும் மனிதர் வைப்பது. வெயிலின் மேல் பழி போடாதீர்கள்.

*

கோடைக் காட்டைப் பற்றிப் பேசுகிற இடத்தில் பறவைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இலவ மரம் ஒற்றை இலை இல்லாமல் பூத்து நிற்கும்போது அதன் கீழே உட்கார்ந்து பாருங்கள். மைனா, கரிச்சான், அணில் என்று ஒரே இரைச்சல். காடே வறண்டு கிடக்கையில் தேன் அங்கேதான் தாராளம். மறைக்க இலையும் இல்லாததால் பூ வெகுதூரத்துக்குத் தெரியும். புரசும் ஏறக்குறைய அதே சமயத்தில்தான் பூக்கும். மாசி, பங்குனியில் போங்கள். விடிந்ததுமே போய்விடுவது நல்லது. வெயில் ஏறினால் கூட்டம் கலைந்துவிடும்.