அப்பத்தா முகத்தில் சிரிப்பு வரவில்லை, கோபம்தான் வருகிறது

மூன்று வாரமாக அப்பத்தாவின் முகத்தை வரைந்துகொண்டிருக்கிறேன். ஜாடை வந்துவிட்டது. ஆனால் பார்க்கிறவர்கள் எல்லாரும் "ஏன் கோபமாக இருக்கிறார்?" என்றுதான் கேட்கிறார்கள். அவர் அப்படிப்பட்டவரே இல்லை. வெற்றிலை மடிக்கும்போது இடது உதட்டோரம் மட்டும் லேசாகச் சிரிப்பார். எனக்கு அந்தச் சிரிப்பு வேண்டும்.

300 ஜிஎஸ்எம் தடித்த தாள், ஏ3 அளவு, வாட்டர்கலர், அதன்மேல் கறுப்பு மைக் கோடு. நிழலுக்கு பர்ன்ட் அம்பர் என்ற கரும்பழுப்பும் அல்ட்ராமரைன் என்ற அடர்நீலமும் கலந்தேன். மூக்கிலிருந்து வாயோரம் இறங்கும் மடிப்பும், புருவங்களுக்கு நடுவே உள்ள இரண்டு கோடுகளும்தான் முதலில் கண்ணில் படுகின்றன.

ஓவியத்தைத் தலைகீழாக வைத்துப் பார்த்தேன், அளவில் பிழையில்லை. சரி என்று இரண்டாவது தாளில் மையை விட்டுவிட்டு சீப்பியா என்ற செம்பழுப்புப் பென்சிலில் வரைந்தேன். கோபம் குறைந்தது, முகம் சோர்ந்துபோனது. அப்புறம், பிரெஞ்சு ஓவியர் மத்தீஸ் 1905இல் தன் மனைவி முகத்தின் நடுவே பச்சைப் பட்டை தீட்டி, ஒரு பக்கம் குளிர்ச்சி, மறுபக்கம் சூடு என்று பிரித்திருப்பாரே, அதைப் பார்த்து நிழலில் பச்சை சேர்த்தேன். நோயாளி முகம் போலாகிவிட்டது.

மூன்றாவது தாள் தயார். அந்த மடிப்புகளைக் கோடே இல்லாமல் நிறத்தால் மட்டும் காட்ட, மாநிறத் தோலின் நிழலுக்கு எந்த நிறங்களைக் கலக்க வேண்டும்?