உளவுத் தகவல் பகுப்பாய்வு: எதிலிருந்து படிக்கத் தொடங்கலாம்?

பல ஆண்டுகளாக நான் உளவாளிகளின் நினைவுக்குறிப்புகளையே படித்துவந்தேன். தகவல் எப்படிக் கைக்கு வந்தது என்பதை அவை விறுவிறுப்பாகச் சொல்லும். வந்த தகவலை எப்படி எடைபோடுவது என்று நான் படித்தவற்றில் எதுவும் கற்றுத்தரவில்லை.

அந்தக் குறையை முதலில் தீர்த்தது, அமெரிக்க மத்திய உளவு நிறுவனத்தில் மதிப்பீட்டுப் பிரிவை நடத்திய ஷெர்மன் கென்ட் 1964இல் எழுதிய ஒரு கட்டுரை. 1951இல் யூகோஸ்லாவியா மீது படையெடுப்பு நிகழக் ‘கணிசமான சாத்தியம்’ உண்டு என்று அவருடைய குழு எழுதியது. அதைப் படித்த அதிகாரி ஒருவர் அதன் பொருளைக் கேட்க, கென்ட், நிகழ 65, நிகழாதிருக்க 35 என்ற விகிதம் என்றார். அவ்வதிகாரியோ அதைவிட மிகக் குறைவாகவே எடுத்துக்கொண்டிருந்தார். பிறகு தம் குழுவினரையே விசாரித்தபோது, ஒருவர் 80க்கு 20 என்றும் இன்னொருவர் அதற்கு நேர்மாறாகவும் நினைத்து அதே சொல்லுக்கு ஒப்புதல் அளித்திருந்தது தெரியவந்தது.

அடுத்துப் படித்தது ரிச்சர்ட்ஸ் ஹோயர் எழுதி, அதே நிறுவனம் 1999இல் வெளியிட்ட ‘சைக்காலஜி ஆஃப் இன்டெலிஜென்ஸ் அனாலிசிஸ்’. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. நேரம் குறைவென்றால் எட்டாம் அத்தியாயத்தை மட்டுமாவது படியுங்கள். சாத்தியமான கருதுகோள்களை மேலே வரிசையாக எழுதி, சான்றுகளைப் பக்கவாட்டில் இட்டு, ஒவ்வொரு சான்றும் எந்தக் கருதுகோளோடு முரண்படுகிறது என்று பார்க்கும் முறையை அது விளக்குகிறது.

அப்போது நான் ஒரு நிறுவனத்தின் இடர் ஆய்வுப் பிரிவில் வேலை பார்த்தேன். எங்கள் வாடிக்கையாளர் ஒருவர் நொடித்துப்போகிறார் என்று அறிக்கை எழுதிவிட்டு, அனுப்புமுன் அந்த அட்டவணையைப் பென்சிலால் போட்டுப் பார்த்தேன். பணம் தாமதமாவது, மூத்த அலுவலர்கள் விலகுவது, கடிதங்களுக்குப் பதில் வராதது ஆகிய மூன்றுமே, அந்நிறுவனம் வேறொருவர் கைக்கு மாறுகிறது என்ற கருதுகோளுக்கும் அப்படியே பொருந்தின. காய்ச்சல், நோய் இருப்பதைக் காட்டுமே தவிர எந்த நோய் என்பதைக் காட்டாது என்று ஹோயர் சொல்வது அன்றுதான் எனக்கு உறைத்தது. அறிக்கையை நிறுத்திவைத்தேன், இரண்டு மாதங்களில் கைமாற்றம் நடந்தது.

அமெரிக்கக் கடற்படைத் தளமான பேர்ல் ஹார்பர் மீது 1941இல் ஜப்பான் நடத்திய திடீர்த் தாக்குதலைப் பற்றி ராபர்ட்டா வோல்ஸ்டெட்டர் 1962இல் வெளியிட்ட பெரிய ஆய்வு நூலை இவ்விரண்டுக்கும் பிறகு எடுப்பது நல்லது. எச்சரிக்கைக் குறிப்புகள் இருந்தும், தொடர்பில்லாத தகவல்களின் இரைச்சலுக்குள் அவை எப்படி அமுங்கிப்போயின என்பதை, ஹோயரின் அட்டவணையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தபோதுதான் என்னால் முழுமையாகப் பின்தொடர முடிந்தது.